நொடியில் ஒட்டும் பசை தோலையும் கண்ணையும் என்ன செய்யும்? எத்தில் சயனோஅக்ரிலேட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வேதிப்பொருள் தோலிலோ கண்ணிலோ பட்டால் எரிச்சல் தருமா என்று மதிப்பிடுவதற்கு நன்றாகத் தேய்ந்த ஒரு பாதை இருக்கிறது. முதலில் ஏற்கெனவே உள்ள தகவல்களைத் திரட்டுவோம். அமில-காரத் தன்மையின் அளவான பிஎச் மதிப்பைப் பார்ப்போம். மூலக்கூறு அமைப்பு என்ன சொல்கிறது என்று கேட்போம். பிறகு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவில் சோதிப்போம், வகைப்படுத்துவோம், லேபிள் எழுதுவோம். பெரும்பாலான கரைப்பான்களுக்கும் சோப்புப் பொருள்களுக்கும் இது போதும். ஆனால் கடைகளில் கிடைக்கும் உடனடிப் பசையின் மூலப்பொருளான எத்தில் சயனோஅக்ரிலேட்டுக்கு இதே பாதையில் போனால், ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் கால் இடறுகிறது. ஏன் இடறுகிறது, அப்படி இருந்தும் உறுதியான முடிவுக்கு எப்படி வர முடிகிறது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

பொருளைப் பற்றி

நிறமற்ற, தண்ணீர்போல் ஓடும் திரவம். கார நெடி உண்டு. வேதிப்பொருள்களை அடையாளம் காட்டும் சிஏஎஸ் பதிவு எண் 7085-85-0. மூலக்கூறு எடை ஏறத்தாழ 125. குப்பியில் விற்கும் பசையில் பெரும்பகுதி இதுதான். மீதி, பசையைக் கெட்டியாக்கும் பாலிமர், குப்பிக்குள்ளேயே இறுகிவிடாமல் காக்கும் மிகச் சிறிதளவு அமிலம், ஹைட்ரோகுவினோன் போன்ற தடுப்பான்.

சயனோஅக்ரிலேட் குடும்பத்தின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை மட்டும் சொல்ல வேண்டும், அது இந்த ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1942-இல் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தக் குடும்பத்தைத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவிட்டார். 1951-இல், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில், அவருடன் பணியாற்றிய ஃபிரெட் ஜாய்னர் ஒளிவிலகல் எண்ணை அளப்பதற்காக எத்தில் சயனோஅக்ரிலேட்டை ஒளிவிலகல்மானியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே பரப்பினார். பட்டகங்கள் ஒட்டிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை. அந்தப் பட்டகங்களுக்கு நேர்ந்ததுதான் இன்று நச்சியல் சோதனைகளிலும் நேர்கிறது. அளக்க எடுத்துக்கொண்ட பொருள் அளவுகருவியையே மாற்றிவிடுகிறது.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. ஒரே கார்பனில் நைட்ரைல் தொகுதியும் எஸ்டர் தொகுதியும் சேர்ந்து எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. அதனால் இரட்டைப் பிணைப்பின் மறுமுனை எலக்ட்ரானுக்காக மிகவும் பசித்திருக்கிறது. தண்ணீர்போன்ற வலுக்குறைந்த காரமே போதும், எதிர்மின் அயனி வழியில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சங்கிலி, அதாவது பாலிமர், உருவாகத் தொடங்கிவிடும். தோலின் மேல் எப்போதும் ஈரம் உண்டு, புரதங்களின் அமைன் தொகுதிகளும் உண்டு. கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கண்ணீரில் நனைந்த பரப்பு. ஆகவே தோலில் விழும் துளி சில நொடிகளுக்குத்தான் எத்தில் சயனோஅக்ரிலேட். அதற்குப் பிறகு அது வேறொரு பொருள்.

ஒரு துளி விரல் நுனியில் விழுந்ததை நெருங்கிப் பாருங்கள். முதலில் ரேகைகளுக்குள் ஓடிப் பரவும். பிறகு லேசான சூடு. பளபளப்பு மங்கி, கண்ணாடிபோல் விறைப்பான ஒரு படலம் உருவாகும், ஓரங்களில் வெண்மை படரும். விரலை மடக்கினால் படலத்தில் விரிசல் விழும். தோலின் மேலடுக்குச் செல்கள் இயல்பாக உதிரும்போது, சில நாள்களில் அதுவும் சேர்ந்து உதிர்ந்துவிடும். சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. இதை மட்டும் பார்த்தால் எரிச்சலூட்டும் பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒட்டி, அவசரத்தில் இழுத்துப் பிரித்தால் கதையே வேறு. மேல்தோல் கிழிந்து வரும்.

எந்தக் கேடு? முதலில் அதைப் பிரிக்க வேண்டும்

சோதனையைத் தொடங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் பசைகளின் மதிப்பீட்டில் பெரிய குறை என்பது என் எண்ணம். எத்தில் சயனோஅக்ரிலேட்டால் வரும் கேடு ஒன்றல்ல. இறுகாத மோனோமர், அதாவது இன்னும் சங்கிலியாகக் கோக்காத தனி மூலக்கூறு, திசுவின் புரதங்களோடு வினைபுரிவது ஒன்று. வேதிப்பொருள் எரிச்சல் என்று சோதனைகள் தேடுவது இதைத்தான். இறுகும்போது வெளிப்படும் வெப்பம் இன்னொன்று. ஒட்டிக்கொள்வதால், அல்லது ஒட்டியதைப் பிரிப்பதால் வரும் காயம் மூன்றாவது. ஆவி தனி.

இதில் வெப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் தோலில் ஒரு துளி விழுந்தால் சூடு லேசானது, தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே பசை பருத்தித் துணியில் சிந்தினால் நிலைமை தலைகீழ். பருத்தியின் இழைகளுக்கு இடையே பரப்பு மிக அதிகம், செல்லுலோஸிலும் அது பிடித்துவைத்திருக்கும் ஈரத்திலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். எல்லாம் ஒரே நேரத்தில் வினையைத் தொடங்கிவைக்கின்றன. வெப்பம் குவிகிறது, சில சமயம் புகையே எழும். துணி உடலோடு ஒட்டியிருந்தால் தோலில் தீக்காயம் ஏற்படும். உடையின்மேல் பசை சிந்தி ஆழமான தீக்காயம் அடைந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல அறிக்கைகள் உள்ளன. கம்பளியும் இப்படித்தான். பருத்திக் கையுறை அணிந்து இந்தப் பசையைக் கையாள்வது, கையுறையே இல்லாமல் கையாள்வதைவிட மோசம். பாலித்தீன் கையுறை இதற்குப் பொருத்தம், பசை அதில் எளிதில் பற்றாது.

ஆவியின் எரிச்சல் வேறு வகை. காற்று வறண்டிருக்கும்போது ஆவி காற்றிலேயே இறுகாமல் நெடுநேரம் மிதக்கிறது, கண்ணின் ஈரத்திலும் மூக்கின் ஈரத்திலும் போய்ச் சேர்கிறது. கண் உறுத்தும், நீர் வடியும், தொண்டை கரகரக்கும். பணியிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) என்ற வரம்பை அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் பரிந்துரைத்திருப்பது இதனால்தான்.

சோதனைக்கு முன்பே தெரிந்தவை

பிஎச் இங்கே உதவாது. 2-க்குக் கீழோ 11.5-க்கு மேலோ இருந்தால் அரிக்கும் பொருளாக இருக்கலாம் என்பது வழக்கமான முதல் வடிகட்டி. நீரில் விட்டவுடன் கட்டியாகும் பொருளுக்குப் பிஎச் அளப்பதில் பொருளில்லை.

மூலக்கூறு அமைப்பு தெளிவாகப் பேசுகிறது. அக்ரிலேட் இரட்டைப் பிணைப்பு, அதைக் கூர்மையாக்கும் நைட்ரைல். புரதங்களில் உள்ள தயோல் (கந்தகத் தொகுதி), அமைன் தொகுதிகளைத் தாக்கும் வகை. உறவுப் பொருளான மீத்தைல் சயனோஅக்ரிலேட்டும் தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தருவதாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. எஸ்டர் தொகுதியில் தொங்கும் கார்பன் சங்கிலி (மீத்தைல், எத்தில் போன்றவை) குறுகியதாக இருந்தால் பாலிமர் வேகமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடையும் சயனோஅசிட்டேட்டையும் வெளியிடும், திசுவுக்குக் கேடு கூடும். சங்கிலி நீண்டால் கேடு குறையும். அதனால்தான் மருத்துவத்தில் நீண்ட சங்கிலி கொண்ட பியூட்டைல், ஆக்டைல் வகைகள் பயன்படுகின்றன. 2-ஆக்டைல் சயனோஅக்ரிலேட் அடங்கிய காயம் மூடும் பசைக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்ணின் முன்புறத் தெளிவான அடுக்கான கார்னியாவில் விழுந்த துளையை அடைக்கக் கண் மருத்துவர்கள் இந்தக் குடும்பத்துப் பசையை 1960-களின் பிற்பகுதியிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். இந்தத் தகவலைக் காட்டி, கண்ணிலேயே வைக்கிறார்களே, அப்புறம் என்ன ஆபத்து என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் செல்லாது. அங்கே வைப்பது வேறு சேர்மம், மிகச் சிறிய அளவு, உலர்த்திய பரப்பு, மேலே காப்பு லென்ஸ். குப்பியிலிருந்து இமைக்குள் கொட்டுவது அதோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

மனித அனுபவம் இந்தப் பொருளுக்கு நிறையவே இருக்கிறது. கண் சொட்டு மருந்து என்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்ட சம்பவங்கள் 1980-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகின்றன. இரண்டும் சிறிய பிளாஸ்டிக் குப்பி, இரண்டுக்கும் கூர்மூக்கு, திருகு மூடி. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே படம். இமைகள் ஒட்டிக்கொள்கின்றன, இமைமயிர் கற்றையாகிறது, கன்ஜங்டிவா (கண்வெள்ளையை மூடிய சவ்வு) சிவக்கிறது, இறுகிய பசைத்துண்டு உராய்ந்து கார்னியாவின் மேலடுக்கில் சிராய்ப்பு உண்டாகிறது. பெரும்பாலும் சில நாள்களில் ஆறிவிடுகிறது.

தோல் சோதனை எங்கே தடுமாறுகிறது

விலங்குச் சோதனை, அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் சோதனை வழிகாட்டி எண் 404, முயலின் மழித்த தோலில் 0.5 மில்லிலிட்டர் பொருளைத் துணிப்பட்டையின் கீழ் நான்கு மணி நேரம் வரை வைக்கச் சொல்கிறது. துணிப்பட்டை என்ற சொல்லிலேயே சிக்கல் தெரிகிறது. பருத்தி வலைத்துணியில் பசை பட்டால் சூடு, பட்டையை எடுத்தால் தோலும் கூட வரும். 24, 48, 72 மணி நேரத்தில் காணும் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் மதிப்பெண் கொடுத்தாலும், அந்த மதிப்பெண் வேதிப்பொருளுக்கா, துணிக்கா, பிய்த்த கைக்கா? பதில் சொல்ல முடியாத கேள்விக்காக ஓர் உயிரை வதைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள சான்று போதுமானால் விலங்கிடம் போகாதே என்றுதான் ஓஇசிடியின் 2014 தோல் மதிப்பீட்டு வழிகாட்டி எண் 203-உம் சொல்கிறது.

சரி, மனிதச் செல்களிலிருந்து வளர்த்த தோல் திசுவுக்கு வருவோம். ஓஇசிடி 439, 2010-இல் ஏற்கப்பட்டது. எபிடெர்ம் என்ற வளர்ப்புத் தோல் மாதிரியில் 0.63 சதுர சென்டிமீட்டர் திசுவின்மேல் 30 மைக்ரோலிட்டர் திரவம், அது சமமாகப் பரவ மேலே ஒரு நைலான் வலை. ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, 42 மணி நேரம் வளர்த்து, எம்டிடி சாயத்தைச் செல்கள் ஊதா நிறமாக மாற்றுகின்றனவா என்று அளக்க வேண்டும். உயிரோடிருக்கும் செல்களின் அளவைக் காட்டும் உயிர்த்தன்மை 50 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே என்றால் எரிச்சல் தரும் பொருள், அரிக்கும் தன்மை வேறு சோதனையால் விலக்கப்பட்டிருந்தால்.

இந்த நெறிமுறையில் எத்தில் சயனோஅக்ரிலேட்டை வைத்துப் பாருங்கள். நைலான் வலை திசுவோடு ஒட்டிக்கொள்ளும். கழுவும் கரைசல் படலத்தின் மேல் ஓடிப்போகும், படலம் போகாது. வலையை இழுத்தால் திசுவின் கொம்புச்செல் அடுக்கு (மேற்புறத்தில் உள்ள காப்பு அடுக்கு) கிழியும், அப்படி வரும் குறைந்த உயிர்த்தன்மை எரிச்சலைக் காட்டவில்லை, கிழிசலைத்தான் காட்டுகிறது. இழுக்காமல் விட்டாலும் சிக்கல் தீராது. செல்களுக்குள் உருவான ஊதாச் சாயத்தைப் பிரித்தெடுக்க ஐசோபுரோப்பனால் மேலிருந்தும் கீழிருந்தும் ஊடுருவ வேண்டும். மேலே பசைப்படலம் மூடியிருக்கிறது. சாயம் முழுவதும் வெளிவராவிட்டால் உயிருள்ள திசுவும் செத்ததுபோல் தெரியும். சோதனைப்பொருளே எம்டிடியை நேரடியாக நிறம் மாற்றுகிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் சரிபார்ப்பு ஒன்று உண்டு. எம்டிடி நீர்க்கரைசலில் பொருளைக் கலந்து பார்ப்பது அது. கலக்கும் முன்பே கட்டியாகிவிடும்.

அரிக்கும் தன்மைக்கான ஓஇசிடி 431-இலும், மூன்று நிமிடம், ஒரு மணி நேரம் என்று காலம் மாறுகிறதே தவிர, கழுவுதலும் சாயப் பிரிப்பும் அதேதான்.

கண் சோதனை இன்னும் சிக்கலானது

மனிதக் கார்னியா வகைத் திசுவைப் பயன்படுத்தும் ஓஇசிடி 492-இல், எபிஓக்குலர் என்ற திசு மாதிரியின் முறைப்படி, பொருளை இடுவதற்கு முன்பே திசுவை 20 மைக்ரோலிட்டர் உப்புக்கரைசலால் நனைக்க வேண்டும். கண்ணீரைப்போல் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த ஈரத்தில் பசை விழுந்த கணமே இறுகும். திரவங்களுக்கு 30 நிமிடம், பிறகு அலசி, 12 நிமிடம் ஊறவைத்து, இரண்டு மணி நேரம் வளர்ப்பது விதி. ஊறவைப்பதன் நோக்கமே திசுவில் தங்கிய பொருளை வெளியேற்றுவது. இங்கே எதுவும் வெளியேறாது. அப்படியானால் இதைத் திரவமாகக் கருதுவதா, திடப்பொருளாகக் கருதி ஆறு மணி நேரம் விடுவதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. வழிகாட்டியோ இடும்போது உள்ள நிலையைப் பார்க்கச் சொல்கிறது, இட்ட பிறகு நிலை மாறும் பொருளை அது மனத்தில் வைத்து எழுதப்படவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மாட்டுக் கார்னியாவைப் பயன்படுத்தும் ஓஇசிடி 437. இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் கண்ணின் கார்னியாவைப் பிடிப்பானில் பொருத்தி, பொருளை 10 நிமிடம் இட்டு, கழுவி, இரண்டு மணி நேரம் கழித்து இரண்டை அளக்கிறார்கள். ஒளி எவ்வளவு மங்குகிறது என்பது ஒன்று, ஃபுளுரசின் சாயம் எவ்வளவு ஊடுருவுகிறது என்பது மற்றொன்று. ஒளி மங்கலோடு ஊடுருவலின் 15 மடங்கைக் கூட்டினால் மதிப்பெண். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் வகைப்படுத்தத் தேவையில்லை, 55-க்கு மேல் என்றால் கடும் கண்சேதம், நடுவில் எதுவும் சொல்ல முடியாது.

வெள்ளையாக இறுகிய பசைப்படலம் தானே ஒளியை மறைக்கும். கார்னியா தெளிவாக இருந்தாலும் கருவி மங்கல் என்று பதியும், மதிப்பெண் பொய்யாக ஏறும். அதே படலம் சாயத்தையும் தடுக்கும். கீழே மேலடுக்குச் செல்கள் சிதைந்திருந்தாலும் சாயம் புகாது, மதிப்பெண் பொய்யாக இறங்கும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில். கூட்டினால் ஒரு நடுத்தர எண் வரலாம், அது பார்ப்பதற்கு நியாயமாகக்கூடத் தெரியலாம். தெளிவாகத் தோற்றுப்போகும் சோதனையைவிட இப்படி நம்பத்தக்க எண்ணைத் தரும் சோதனை ஆபத்தானது. திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே, எந்த அடுக்குவரை சேதம் போயிருக்கிறது என்று சொல்ல முடியும்.

முயல் கண்ணில் 0.1 மில்லிலிட்டர் விட்டு இமைகளை ஒரு நொடி சேர்த்துப் பிடிக்கச் சொல்லும் ஓஇசிடி 405-ஐப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இமைகளைச் சேர்த்துப் பிடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே.

முடிவுக்கு வந்த விதம்

சோதனைகள் கைவிட்டால் சான்றுகளின் எடையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இங்கே எடை அதிகம் உள்ள சான்று மனித அனுபவம், அடுத்தது மூலக்கூறு அமைப்பும் உறவுப் பொருள்களும். இவற்றை, வேதிப்பொருள்களின் கேடுகளை வகைப்படுத்தும் உலகளாவிய இசைவு முறையின் (ஜிஎச்எஸ்) வரையறைகளோடு ஒப்பிட்டேன்.

தோலுக்கு முதல் கேள்வி, இது அரிக்கும் பொருளா? தீக்காய அறிக்கைகளைப் படித்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அரிக்கும் வகை என்பது பொருள் பட்டதாலேயே தோலில் மீளாத சேதம் ஏற்படுவதைக் குறிக்கிறது. இங்கே ஆழமான காயத்தை உண்டாக்கியது துணியோடு சேர்ந்த வெப்பம். துணி இல்லாத தோலில் அது நேர்வதில்லை. ஆகவே அரிக்கும் வகையில் சேர்க்கவில்லை. தீக்காய ஆபத்தைப் பாதுகாப்புத் தரவுத் தாளில் கையாளுதல், முதலுதவி பகுதிகளில் வெளிப்படையாக எழுத வேண்டும், அந்த இடம்தான் அதற்கு உரியது. மூலக்கூறு அமைப்பும் உறவுப் பொருளும் சொல்வதை வைத்துப் பார்த்தால், மீளக்கூடிய சேதத்தைக் குறிக்கும் எரிச்சல் வகை 2 பொருந்துகிறது.

கண்ணுக்கு, வகை 1-ஆ, 2-ஆ? 21 நாள்களுக்குள் மீளாத சேதம், அல்லது கார்னியா, ஐரிஸ் (கருவிழித் திரை) இரண்டில் ஒன்றின் கடுமையான பாதிப்பு இருந்தால் வகை 1. விபத்து அறிக்கைகளின் பொதுவான போக்கு சிராய்ப்பும் சிவப்பும், பிறகு குணமும். வகை 2. ஆவிக்காக, சுவாசப்பாதை எரிச்சல்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 விதியின் பட்டியலும் இதே இடத்தில்தான் நிற்கிறது: தோல் எரிச்சல் வகை 2, கண் எரிச்சல் வகை 2, செறிவு 10 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சுவாசப்பாதை எரிச்சல். ஆனால் அந்த விதியில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. சயனோஅக்ரிலேட் பசைகளுக்கு என்றே இயூஎச்202 என்ற தனி வாசகம் இருக்கிறது. சயனோஅக்ரிலேட், அபாயம், சில நொடிகளில் தோலையும் கண்களையும் ஒட்டிவிடும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது அதன் சாரம். கண்ணுக்குக் கடும் எரிச்சல் தரும் என்ற பொது வாசகத்தைப் படித்து ஒருவருக்கு இமை ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றுமா? தோன்றாது. வகைப்பாடு சொல்லாமல் விட்டதை இந்த ஒரு வரி சொல்கிறது. இப்படி ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்காத இடங்களிலும் தயாரிப்பாளர்கள் தாமாகவே அதை அச்சிட வேண்டும், பெரிய எழுத்தில்.

முதலுதவியில் எழுத வேண்டியவை

தோல் ஒட்டினால் இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய முனையால் மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். அசிட்டோன் பசையைக் கரைக்கும், ஆனால் கண்ணருகிலும் புண்ணிலும் அதைக் கொண்டுபோகக் கூடாது. துணியில் கொட்டிச் சூடேறினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டி, மருத்துவரிடம் போக வேண்டும்.

கண் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரால் நன்றாகக் கழுவி, ஈரப் பஞ்சுப்பட்டையால் மூடி, கண் மருத்துவரிடம் போக வேண்டும். இமையைப் பலவந்தமாகத் திறக்கவே கூடாது. கண்ணீர் சுரப்பு பசையைத் தளர்த்தும், பெரும்பாலும் சில நாள்களில் இமை தானே பிரியும். மருத்துவரிடம் போவது இமைக்காக மட்டுமல்ல, இமைக்குப் பின்னால் சிக்கிய இறுகிய துண்டு கார்னியாவை உராய்ந்துகொண்டிருக்கலாம் என்பதால். வெளியே பார்த்தால் அது தெரியாது.

இந்த மதிப்பீட்டுக்குள் அடங்காதவை

தோல் ஒவ்வாமை தனிக் கேள்வி. தோலின் மேலடுக்குப் புரதமான கெரட்டினோடு உடனே பிணைந்துவிடுவதால் இந்தப் பொருள் உள்ளே போகாது, ஒவ்வாமை தராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நகப்பூச்சு, இமைமயிர் நீட்டிப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒவ்வாமைத் தோல் அழற்சி பதிவான பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்திருக்கிறது. எரிச்சலுக்குக் கிடைத்த வகைப்பாட்டை ஒவ்வாமைக்கும் சேர்த்துப் படிக்கக் கூடாது.

பசையோடு தனிக் குப்பியில் வரும் முடுக்கித் திரவத்தைத் தனியாக மதிப்பிட வேண்டும். அதில் வேறு கரைப்பானும் அமைன் சேர்மமும் இருக்கும், அது இறுகலை வேகப்படுத்துவதால் வெப்பமும் கூடும். பசையை மட்டும் மதிப்பிட்ட தாளை இரண்டுக்கும் இணைத்து விற்பது சரியல்ல.

கடைசியாக, குப்பியின் வடிவம். கண்ணில் பசை விட்ட விபத்துகளுக்கு வேதியியல் காரணமே அல்ல, இரண்டு குப்பிகள் ஒன்றுபோல் இருந்ததுதான். எந்த எரிச்சல் வகைப்பாடும் இதைத் தொடாது. ஆனாலும் மதிப்பீட்டு அறிக்கையை எழுதுபவர் தயாரிப்பாளருக்கு இரண்டு வரி எழுதலாம்: மூக்கின் வடிவத்தைச் சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து மாற்றுங்கள், குழந்தைகள் திறக்க முடியாத மூடி போடுங்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும்விட அந்த இரண்டு வரிகளால் காப்பாற்றப்படும் கண்கள் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவற்றை வைக்கச் சொல்வேன்.